மருத்துவச்சியும் பதிவேடும்

இராஜா அண்ணாமலைபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து காலை நடையாகக் கிளம்பினால், சிறிது நேரத்தில் சாந்தோம் நெடுஞ்சாலையை அடைந்துவிடலாம். அச்சாலையில்தான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அலுவலகம் இருக்கிறது. நோயாளிக்குப் பணிவிடை செய்யும் செவிலியரும், பிள்ளைப்பேறு பார்க்கும் தாதியரும் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டிய இடம் அது. என் தமக்கையின் பேத்தி செவிலியர் படிப்பை முடித்துப் பதிவுக்காக அங்கே சென்ற நாளில், அவளுக்குத் துணையாக நானும் சென்றேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது அவள் கேட்டாள்: “தாத்தா, நீங்கள் பிறந்தபோது பேறு பார்த்த அம்மாவுக்கும் இப்படி ஒரு பதிவு எண் இருந்திருக்குமா?”

நான் 1959-ஆம் ஆண்டு தஞ்சைப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். என்னை முதன்முதலில் கையில் ஏந்தியவள் அவ்வூர் மருத்துவச்சி. அவளுக்குப் பதிவு எண்ணும் இல்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. நடு இரவில் ஆள் அனுப்பினால் அரிக்கன் விளக்கோடு வந்து நிற்பாள் என்று என் தாயார் சொல்வதுண்டு. இரண்டு மரக்கால் நெல், ஒரு புடைவை, தலைக்கு எண்ணெய், வெற்றிலை பாக்கு, இவையே அவள் பெற்ற ஊதியம். அவளை அனைவரும் அழைத்தார்கள். ஆனால் வீட்டின் முன்வாசல் வழியாக அழைக்கவில்லை. கொல்லைப்புறமாகவே அவள் வந்து போனாள்.

பேத்தியின் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் பெற்ற பின்னரே வகுப்பறைக்குள் நுழைய விடப்பட்டவன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் பிள்ளையைக் கையில் வாங்குபவர் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் வைக்கும் ஆசிரியனை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பேறு பார்க்கும் பெண்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர நம் நாடு செய்த முயற்சியின் வரலாற்றை இந்த ஒரு நோக்கிலிருந்து பார்க்கலாம் என்று கருதுகிறேன்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று திருநாமம். காவிரியில் வெள்ளம் பெருக, மகளின் பேற்றுக்கு வரவேண்டிய தாய் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது தல வரலாறு. பேறு பார்க்கும் பணியைத் தெய்வத்தின் பணியாக எண்ணிப் போற்றிய சமுதாயம் நம்முடையது. ஆனால் அதே பணியை வாழ்நாள் முழுதும் செய்த மனிதப் பெண்ணுக்கு அச்சமுதாயம் அளித்த இடம் வேறு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தொழில் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்களிடம் இருந்தது. தாயிடமிருந்து மகளும், மாமியாரிடமிருந்து மருமகளும் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தில் நல்லவை பல இருந்தன. வலி கண்ட பெண்ணைப் பதறாமல் வைத்திருக்கவும், காலம் வரும்வரை பொறுத்திருக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கதிரரிவாளால் கொடியை அறுப்பதும் சாம்பலை வைத்துக் கட்டுவதும் வழக்கமாக இருந்த ஊர்களில், பிறந்த ஒரு வாரத்துக்குள் குழந்தைக்கு இழுப்பு கண்டு இறக்கும். அது இரணஜன்னி என்னும் நோய் என்று அறியாமல் தெய்வக் குற்றம் என்றார்கள்.

கிருமியைப் பற்றி அறியாதவர்கள் நம் ஊர் மருத்துவச்சிகள் மட்டும் அல்லர். ஐரோப்பாவின் பெரும் மருத்துவர்களும் அன்று அறியாதவர்களே. வியன்னா நகரத்துப் பெருமருத்துவமனையில் 1840-களில் இரண்டு பேறு விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். மாணவர்கள் இருந்த விடுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு தாய் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தாள். மருத்துவச்சிகள் இருந்த விடுதியிலோ இறப்பு அதில் பாதியும் இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடியவர் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே வரும் மாணவர்களின் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று கண்டு, 1847-இல் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். இறப்பு சடுதியில் குறைந்தது. இருந்தும் கற்றறிந்த மருத்துவர் பலர் அவர் சொன்னதை ஏற்க மறுத்துவிட்டனர். பட்டம் பெற்ற கையாயினும் பட்டம் பெறாத கையாயினும், கழுவாத கை கழுவாத கையே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

வியன்னாவில் இது நிகழ்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1844-இல், சென்னையில் பிள்ளைப்பேற்றுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை என்று இன்று நாம் அறிவது அதுவே. பேறு பார்ப்பதோடு, பெண்களுக்குப் பேறு பார்க்கும் பயிற்சி அளிக்கும் இடமாகவும் அது விளங்கியது. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, வழக்கறிஞரான தம் கணவருடன் 1866-இல் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடம் கொடாமையால் பெண்கள் படும் துன்பத்தைக் கேள்வியுற்று, முதலில் இம்மருத்துவமனையில் பேறு பார்க்கும் பயிற்சி பெற்றார். பின்னர் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது, முதலில் நுழைந்த நால்வருள் அவரும் ஒருவர். கோஷா முறையைக் கைக்கொண்ட பெண்களுக்காக 1885-இல் அவர் முயன்று தொடங்கிய மருத்துவமனையே திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி இன்றும் நடைபெறுகிறது.

நகரத்தில் மருத்துவமனைகள் எழுந்தன. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் நகரத்திலும் பிறக்கவில்லை, மருத்துவமனையிலும் பிறக்கவில்லை. எனவே ஊர் மருத்துவச்சிக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. வைஸ்ராய் கர்சனின் மனைவியார் 1903-இல் விக்டோரியா மகாராணியின் நினைவாக ஒரு நிதி திரட்டி, நாடெங்கும் தாய்மாருக்குப் பேறு பார்க்கும் பெண்களைப் பயிற்றுவிக்க முனைந்தார். பலன் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. பயிற்சிக்கு வந்தால் தொழில் கைவிட்டுப் போகுமோ என்று அப்பெண்கள் அஞ்சினார்கள். எழுத்தறியாதவர்களுக்கு ஏட்டு முறையில் பாடம் சொன்னால் அது செல்லாது. பாடம் நடத்தத் தெரியாத இடத்தில் மாணவரைக் குறை சொல்வது எளிது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இதே காலத்தில் இங்கிலாந்து வேறு ஒரு வழியைக் கையாண்டது. 1902-ஆம் ஆண்டில் அங்கே மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறி, மத்திய மருத்துவச்சிகள் வாரியம் ஏற்பட்டது. அச்சட்டம் பழைய மருத்துவச்சிகளை ஒரே நாளில் வெளியே தள்ளவில்லை. குறைந்தது ஓராண்டு தொழில் செய்தவராகவும் நன்னடத்தை உடையவராகவும் இருந்தால், தேர்வு எழுதாமலே அவர்கள் பதிவேட்டில் இடம் பெறலாம். ஆனால் அதன் பிறகு வாரியத்தின் விதிகளுக்கும் மேற்பார்வைக்கும் கட்டுப்பட வேண்டும். பதிவில்லாதவர் கூலிக்காக வழக்கமாகப் பேறு பார்க்கலாகாது என்ற தடை 1910-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் அவகாசம் கொடுத்து, அதற்குள் பயின்றவர்களை உண்டாக்கிக்கொண்டு, பிறகு கதவை மூடினார்கள்.

நம் மாகாணத்துக்கு 1926-இல் சட்டம் வந்தது. சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம், அவ்வாண்டின் மூன்றாவது சட்டம், பதிவேட்டையும் அதனைக் காக்கும் ஒரு குழுமத்தையும் ஏற்படுத்திற்று. என் பேத்தியின் பெயர் இன்று எழுதப்பட்டிருப்பது அச்சட்டத்தின் வழிவந்த பதிவேட்டில்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நிலைத்து நிற்கும் அச்சட்டத்தை நான் குறைத்துக் கூறமாட்டேன். முறையாகப் பயின்றவள் யார், பயிலாமல் பெயர் போட்டுக்கொள்பவள் யார் என்று பொதுமக்கள் அறிந்துகொள்ள அது வழி செய்தது. தொழிலில் தவறு செய்தவர் பெயரை நீக்கலாம் என்ற அச்சமும் உண்டாயிற்று.

ஆனால் பதிவேடு நகரத்தில் இருந்தது; பேறு கிராமத்தில் நடந்தது. 1921-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். இந்த நான்கு கோடி மக்களுக்குப் பதிவு பெற்ற மருத்துவச்சிகள் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள் என்பதை, இருபது ஆண்டுகள் கழித்து வந்த ஓர் அறிக்கையிலிருந்து ஊகிக்கலாம். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்து 1946-இல் அறிக்கை அளித்த சுகாதாரக் குழு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஏறக்குறைய 5,000 பேரே என்று கணக்கிட்டது. அஃதாவது அறுபதாயிரம் மக்களுக்கு ஒருத்தி. ஆயிரம் பேறுகளுக்கு இருபது தாய்மார் இறந்தனர் என்றும் அக்குழு மதிப்பிட்டது. அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். எழும்பூர் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே; பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கியவரும் அவரே.

நம் சட்டம் பிறந்த அதே 1926-இல், கடல் கடந்து அண்டையிலுள்ள இலங்கையில் களுத்துறை என்னும் ஊரில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே ஒரு பயிற்சி பெற்ற மருத்துவ மாதுவுக்கு ஒரு குறிப்பிட்ட எல்லையை ஒதுக்கினார்கள். அந்த எல்லைக்குள் எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; வீடுதேடிச் சென்று பார்ப்பது அவள் கடமை. இம்முறை படிப்படியாகத் தீவு முழுவதும் பரவிற்று. பேற்றின்போது தாய் இறப்பது மிகுதியாக இருந்த அந்நாட்டில், இன்று ஒரு லட்சம் பேறுகளுக்கு இறப்பு நாற்பதுக்கும் குறைவு. மருந்துகளின் உதவியும் பெண்கல்வியின் உதவியும் இதில் உண்டு. 1930-களின் நடுவில் வந்த சல்பா மருந்துகளும், பின்னர் வந்த பெனிசிலினும், இரத்தம் ஏற்றும் முறையும் உலகெங்கும் தாய்மாரைக் காத்தன. ஆயினும் மருந்து அலமாரியில் இருந்தால் போதாது. அதை உரிய நேரத்தில் தாயிடம் கொண்டு சேர்க்கும் ஒருத்தி அருகில் இருக்க வேண்டும். இலங்கை அந்த ஒருத்தியை ஊர்தோறும் அமர்த்திற்று. நாம் பதிவேட்டை முதலில் எழுதினோம். ஆளை அனுப்பக் காலம் தாழ்த்தினோம்.

இக்குறையை உணர்ந்தவர்கள் நம்மிடையிலும் இருந்தார்கள். இராஜாஜி முதலமைச்சராகவும் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரப் பொறுப்பிலும் இருந்த காலத்தில் 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. தாய் சேய் நலத்துக்கென அதில் ஒரு தனி அதிகாரமே உண்டு. எங்கள் இராஜா அண்ணாமலைபுரத்திலேயே ஆந்திர மகிளா சபை இருக்கிறது. அதை 1937-இல் தொடங்கிய துர்காபாய் தேஷ்முக் அம்மையார், 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாரியம் கிராமங்களில் நடத்திய நலத் திட்டங்களில் கைத்தொழில் கற்பிப்பவளோடும் பாலர் பள்ளியோடும் ஒரு தாதியும் இடம் பெற்றாள். படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் மீண்டும் ஒரு கல்வி வழியைத் திறந்துவிட்டவர் அந்த அம்மையார். வழியைத் திறந்துவிட்ட பிறகே தகுதியைக் கேட்கலாம் என்ற உண்மை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறுகிறேன். 1964-ஆம் ஆண்டு, எனக்கு ஐந்து வயது. என் சித்தி தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னை ஏந்திய அதே மருத்துவச்சிதான் வந்தாள். பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி வெளிவரவில்லை, உதிரப்பெருக்கு நிற்கவில்லை. மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பொழுது விடிந்த பிறகே வண்டி கட்டினார்கள். மருத்துவமனை எட்டு மைல் தொலைவு. பாதி வழியிலேயே சித்தியின் உயிர் பிரிந்தது. அன்று மாலை அந்த மருத்துவச்சி எங்கள் கொல்லை வேலியோரம் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஊரில் சிலர் அவளைத் தூற்றினார்கள். என் பாட்டி மட்டும், “அவளுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் மேல் பழி சொல்ல நமக்கு என்ன நியாயம்?” என்றார். மகளை இழந்த தாயின் வாயிலிருந்து வந்த சொல் அது.

அன்று அந்த மருத்துவச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சிலவே. இன்ன நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் காத்திருக்கலாகாது. விடியலை எதிர்பார்க்காமல் வண்டி கட்டச் சொல்ல வேண்டும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அந்த மருந்து 1935-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. சட்டம் வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்குப் பாடமும் வந்து சேரவில்லை, மருந்தும் வந்து சேரவில்லை. அவளுடைய பெயர் பதிவேட்டில் இல்லை என்பது அவளுடைய குற்றமா, பதிவேட்டை வைத்திருந்தவர்களுடைய குற்றமா என்று இன்றும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பின்னர் நிலைமை மாறிற்று. நாடாளும் பொறுப்பு நம் கைக்கு வந்த 1947-இலேயே இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே தரமான பாடத்திட்டம் வகுக்க வழி பிறந்தது. துணைச் செவிலியராகப் பயின்ற பெண்கள் ஊர்களுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியர் என்கிறோம். ஊர் மருத்துவச்சிகளுக்கும் தூய்மையின் பாடம் எளிய முறையில் கற்பிக்கப்பட்டது. தூய கை, தூய இடம், தூய பிளேடு, தூய நூல், கொடியின் மேல் எதையும் பூசாத தூய்மை என்று விரல்விட்டு எண்ணும்படி அமைந்த பாடம் அது. கருவுற்ற பெண்களுக்கு இரணஜன்னித் தடுப்பூசி போடப்பட்டது. தாயையும் சேயையும் வாட்டிய அந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி பாடம் நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பேறு பார்க்கும் வகையில் மூன்று செவிலியரை அமர்த்தியது தமிழ்நாடு. 2008-இல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. பேற்றில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதம் நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று விசாரித்து அறியும் முறையும் வேரூன்றியது. இவற்றின் பயனை எண்கள் கூறுகின்றன. 2018 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் பேறுகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. போர் குழுவின் காலத்துக் கணக்கை இதே அளவையில் சொன்னால் அது 2,000. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. என் சித்திக்குக் கிட்டாதது இன்று ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் கிட்டுகிறது.

ஆள் பதிவு அமைந்தாலும், பேறு நிகழும் இடத்தின் பதிவு அமைய நெடுநாள் ஆயிற்று. தனியார் மருத்துவ நிலையங்களையும் பேறு விடுதிகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1997-இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018-இல்தான் வெளிவந்தன. இருபத்தோர் ஆண்டுகளில், சட்டம் பிறந்தபோது பிறந்த பெண் குழந்தை வளர்ந்து தானே தாயாகும் பருவத்தை அடைந்துவிட்டாள். பேறு அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அங்கே யார் இருக்க வேண்டும், அவசரக் காலத்துக்கு என்ன கருவி வேண்டும் என்று வரையறுப்பது வீண் சடங்கு அன்று. விடிய விடிய வண்டிக்குக் காத்திருந்த வீட்டிலிருந்து வந்தவன் நான். அந்த விதிகளின் ஒவ்வொரு வரியும் எனக்குப் பொருளுள்ளதாகவே தோன்றுகிறது.

அதே 2018-ஆம் ஆண்டு ஜூலையில் திருப்பூரில் நடந்த செய்தியை நேயர்களில் பலர் படித்திருப்பீர்கள். படித்த இளம் தாய் ஒருவர், இணையத்தில் கண்ட படங்களின் துணைகொண்டு வீட்டிலேயே பேற்றை நடத்த முயன்றபோது உதிரப்பெருக்கால் உயிரிழந்தார். என் சித்தி இறந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே உதிரப்பெருக்கு. என் சித்தியின் அருகில் பயிலாத கையாயினும் ஒரு பழகிய கை இருந்தது. இங்கே அதுவும் இல்லை. வழியில்லாத காலத்தில் நேர்ந்த சாவைக் காட்டிலும், வழி இருந்தும் நேர்ந்த சாவு நெஞ்சை மிகுதியாக வருத்துகிறது. ஆனால் அப்பெண்ணைப் பழிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. படித்த பெண்கள் சிலர் மருத்துவமனையைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் முன்பு குறிப்பிட்ட குடும்ப நல ஆய்வே அதற்கு ஒரு விடை தருகிறது. தமிழ்நாட்டில் நூறு பேறுகளில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சையால் நிகழ்கின்றன. நாட்டளவில் இது பத்து விழுக்காட்டைத் தாண்டியபின், அதற்கு மேற்பட்ட அறுவையால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகச் சான்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கருத்து. கத்தி பல உயிர்களைக் காத்தது. அது இருந்திருந்தால் காக்கப்பட்டிருக்கக் கூடிய தாய்மாரை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. ஆனால் தேவைப்படாத இடத்தில் கத்தி செல்வது நன்மை அன்று. பொறுத்திருந்து, உடன் இருந்து, இயல்பான பேற்றை இயல்பாக நடக்கவிடும் திறமை ஒன்று உண்டு. பழைய மருத்துவச்சியிடம் இருந்த நல்ல திறமை அதுவே. அவளிடம் இல்லாத அறிவைக் கொண்டுவந்தபோது, அவளிடம் இருந்த இத்திறமையை நாம் பாதுகாக்காமல் விட்டுவிட்டோம்.

இதைச் சரிசெய்யும் முயற்சி தொடங்கியிருக்கிறது. இந்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறையின்படி, பதிவு பெற்ற செவிலியருக்கு மேலும் பதினெட்டு மாதம் பேறுகாலப் பயிற்சி அளித்து, மருத்துவமனைகளிலேயே மருத்துவச்சிகளின் பொறுப்பில் இயங்கும் பேறு நிலையங்களை அமைக்கலாம். நியூசிலாந்து 1990-லேயே மருத்துவச்சிகள் மருத்துவரின் கீழ் அன்றித் தம் பொறுப்பில் பேறு பார்க்கச் சட்டம் செய்தது. நம் நாடாளுமன்றம் 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலத் தாதியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக அமைத்தது. நகரங்களில் தனியார் சிலர் இயற்கைப் பேறு நிலையங்களையும் நடத்துகிறார்கள். இவற்றை அடியோடு மூடிவிடலாம் என்போர் ஒரு சாரார்; எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்போர் மற்றொரு சாரார். நூறாண்டு வரலாறு இருவர் பக்கமும் இல்லை.

வரலாறு கூறுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் பயிற்சி, அதன்பின் தேர்வு, அதன்பின் பதிவு, அதன்பின் இடைவிடாத மேற்பார்வை. பேறு நிலையத்துக்கு உரிமம் வழங்குமுன், அங்கே இருப்பவள் பயின்றவளா என்று கேட்க வேண்டும். ஆபத்து நேர்ந்தால் எவ்வளவு நேரத்தில் அறுவை அரங்கும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனையை அடையலாம் என்று கேட்க வேண்டும். அந்த மருத்துவமனை, தன்னிடம் வரும் தாயையும் உடன் வரும் மருத்துவச்சியையும் மதிப்போடு ஏற்குமா என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ‘ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தாய்?’ என்று வாசலில் வைத்துத் திட்டு வாங்குபவள், அடுத்த முறை இன்னும் தாமதமாகவே வருவாள். தவறு செய்த மாணவனைப் பிரம்பால் அடித்தால் அவன் தவறை விடுவதில்லை, மறைக்கவே கற்றுக்கொள்கிறான். இதனை நான் என் பணியின் தொடக்க ஆண்டுகளில் பிழை செய்தே கற்றேன்.

அன்று சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வரும் வழியில் இவற்றில் சிலவற்றைப் பேத்தியிடம் சொன்னேன். என் சித்தியின் கதையை அவள் அதுவரை கேட்டதில்லை. வெகுநேரம் பேசாமல் நடந்தவள், அந்த மருத்துவச்சியின் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்கு அது தெரியவில்லை. மருத்துவச்சி என்றே எல்லோரும் அழைத்தார்கள். நானும் அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப்பேரைக் கையில் ஏந்தியவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஏந்தப்பட்டவனின் நினைவிலும் இல்லை. இதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ தன் சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்து அந்தப் பதினெட்டு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எவ்வளவு காலம் பணி செய்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.